குப்பை வண்டிக்கு எத்தனை அடி உயரம்?

புதுச்சேரியில் விடிந்து கொஞ்ச நேரத்தில் முத்தியால்பேட்டைப் பக்கமிருந்து பெரிய மார்க்கெட் வரை நடந்தால், குப்பை வண்டிகளின் நூறு வருட வரலாறு எதிரே வரும். சந்துக்குள் கைத்தள்ளு வண்டி. அதற்குக் கொஞ்சம் அகலமான தெருவில் பேட்டரி மூன்று சக்கர வண்டி. பாட்டு போட்டுக்கொண்டு வரும் குட்டி யானை டிப்பர். மார்க்கெட் வாசலில் டிராக்டர் பெட்டி. மெயின் ரோட்டில், பின்பக்கம் வாயைத் திறந்து மூடிக்கொண்டு, குப்பையை நசுக்கி ஏற்றும் காம்பாக்டர் லாரி. கடலூரிலும், மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் வரை, ஏறக்குறைய இதே ஊர்வலம்தான்.

இவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு நாட்டுக் குப்பையை மனதில் வைத்து வரையப்பட்டவை. குப்பை வண்டியின் வடிவத்தை முடிவு செய்வது எஞ்சினோ கம்பெனியோ இல்லை. குப்பையில் என்ன இருக்கிறது, அதை மனிதர் எவ்வளவு உயரம் தூக்க வேண்டியிருக்கிறது, இந்த இரண்டும்தான். நம் ஊர் காம்பாக்டர் ஏன் தெருவெல்லாம் கறுப்புத் தண்ணீரால் கோடு போட்டுக்கொண்டு போகிறது என்ற கேள்விக்கும் பதில் அங்கேதான் கிடக்கிறது.

முதலில் இங்கிலாந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வீட்டுக் குப்பை என்றால் பெரும்பகுதி சாம்பல். ஒவ்வொரு அறையிலும் நிலக்கரி அடுப்பு, குளிர்காலம் முழுக்க எரியும். மிச்சம் மீதி சாப்பாடு, காகிதம் எல்லாம் அந்த அடுப்புக்கே போய்விடும். தெருவுக்கு வருவது கனமான, உலர்ந்த, காற்றில் பறக்கும் தூள். அதை நசுக்கிச் சிறிதாக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏற்கெனவே நசுங்கியதுதான். அவர்களுடைய கவலை இரண்டு: தூள் பறக்கக் கூடாது, கனமான இரும்புத் தொட்டியைத் தூக்குகிறவரின் முதுகு உடையக் கூடாது. இரண்டாவது கவலை வெகு தாமதமாகத்தான் வந்தது. குதிரை வண்டிகள் உயரமான சக்கரங்களின் மேல் நின்றன. தொழிலாளி தொட்டியைத் தோளில் ஏற்றி, சில இடங்களில் ஏணி வைத்து ஏறிக் கொட்டினார்.

1897-இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் தார்னிகிராஃப்ட் கம்பெனி நீராவியில் ஓடும் குப்பை வண்டியைச் செய்து காட்டியது. குதிரை போய் நீராவி வந்ததே தவிர, தூக்கும் உயரம் குறையவில்லை. மோட்டார் லாரி வந்தபோதும் அதே கதை. சாதாரண லாரியின் முதுகில் பெட்டியை வைத்தால் பெட்டியின் விளிம்பு மனிதர் தலைக்கு மேல் போய்விடும். நம் ஊரில் மாட்டு வண்டி போய் டிப்பர் லாரி வந்தபோது நடந்ததும் இதுவேதான், அதற்கு அப்புறம் வருவோம்.

இந்த உயரத்தை மட்டுமே பிரச்சினையாக எடுத்துக்கொண்டு ஒரு வண்டியை வரைந்தவர்கள் ஹாரி ஷெல்வோக், ஜேம்ஸ் ட்ரூரி என்ற இரண்டு பேர். இருவரும் லாக்ரே என்ற லாரி கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். 1920களின் தொடக்கத்தில் வெளியே வந்து, லண்டனுக்கு வடக்கே லெட்ச்வொர்த் என்ற ஊரில் தங்கள் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார்கள். 1923-இல் 'ஃப்ரைட்டர்' என்ற வண்டி வெளிவந்தது. பார்க்க விநோதமாக இருக்கும். தள்ளுவண்டிச் சக்கரம் போலச் சின்னச் சின்னச் சக்கரங்கள், கெட்டி ரப்பர் டயர். எஞ்சின் குறுக்காகக் கிடக்கும். ஸ்டியரிங் வட்டம் கிடையாது. டிராம் வண்டி ஓட்டுகிற மாதிரி டிரைவரின் கைக்கு ஒன்றாக இரண்டு பிடிகள், ஒன்று திருப்ப, ஒன்று கியருக்கு. இத்தனை விநோதமும் எதற்காக என்றால், வண்டியின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டடி உயரத்துக்கு இறங்க வேண்டும் என்பதற்காக. சக்கரத்தைச் சிறிதாக்கினால் தளம் இறங்கும். சக்கரம் சிறிதானால் வேகம் குறையும். வீட்டுக்கு வீடு நிற்கிற வண்டிக்கு வேகம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

குப்பை வண்டி வரலாற்றில் எனக்குப் பிடித்த முடிவு இது. லாரியை எடுத்து அதன் முதுகில் குப்பைப் பெட்டியை வைக்காமல், குப்பை எடுப்பவரின் இடுப்பிலிருந்து தொடங்கிக் கீழே சக்கரத்தை வரைந்திருக்கிறார்கள். குதிரையை விட்டுவிட யோசித்துக்கொண்டிருந்த நகராட்சிகள் இதை ஏராளமாக வாங்கின. (இதே கம்பெனி இரண்டாம் உலகப் போரில் 'வெல்ஃப்ரைட்டர்' என்ற குட்டி நீர்மூழ்கிக் கப்பலையும் கட்டியது. உளவு வேலைக்கு ஆளையும் சரக்கையும் கடற்கரையில் இறக்க. குப்பை வண்டி செய்தவர்களை நம்பி நீர்மூழ்கியைக் கொடுத்தார்கள் என்பது அந்தக் காலத்து அவசரத்தைச் சொல்கிறது.)

சின்னச் சக்கரத்துக்கு ஒரு விலை உண்டு. குப்பைமேடு ஊருக்கு வெளியே போகப் போக, மெதுவான வண்டி பாதி நேரத்தைச் சாலையிலேயே கழிக்கும். இதற்கு அதே காலத்தில் வேறு சிலர் பதில் சொன்னார்கள். விகன் நகரத்தின் பேஜ்ஃபீல்டு கம்பெனி, சவுத்போர்ட் நகராட்சிக்காக ஒரு ஏற்பாட்டைச் செய்தது. குதிரைகள் இழுக்கும் தாழ்வான பெட்டி வண்டிகள் தெருத்தெருவாகச் சேகரிக்கும். பெட்டி நிரம்பியதும் பெரிய மோட்டார் லாரி வந்து அந்தப் பெட்டியைச் சக்கரத்தோடு அப்படியே முதுகில் ஏற்றிக்கொண்டு கிடங்குக்குப் போகும், காலிப் பெட்டியைக் குதிரைக்கு விட்டுவிட்டு. தெருவுக்கு ஒரு வண்டி, தூரத்துக்கு ஒரு வண்டி. இன்று நம் நகராட்சி டெண்டர்களில் முதல்நிலைச் சேகரிப்பு, இரண்டாம்நிலைச் சேகரிப்பு என்று எழுதியிருப்பது இதைத்தான்.

ஷெல்வோக் ட்ரூரி வண்டிகள் அப்புறம் வளர்ந்த விதத்தைப் பார்த்தால் இங்கிலாந்துக் குப்பை மாறிய விதமும் தெரியும். 'முன்னும் பின்னும் கவிழும்' வண்டி என்று ஒன்றைச் செய்தார்கள். பின்பக்கம் குப்பையைப் போடுவது, அது கொஞ்சம் சேர்ந்ததும் பெட்டியையே முன்பக்கமாகச் சாய்ப்பது. குப்பை தன் எடையிலேயே சரிந்து டிரைவர் அறைப் பக்கம் போய் அடையும். நிரம்பியதும் பின்பக்கமாகச் சாய்த்துக் கொட்டுவது. நசுக்கும் தகடு எதுவும் இல்லை. சாம்பல் கனமானது, சாய்த்தாலே ஓடிவிடும் என்ற நம்பிக்கையில் செய்த வண்டி இது.

அந்த நம்பிக்கையை உடைத்தது புகை. 1952 டிசம்பரில் லண்டனைப் பல நாள் மூடிய புகைமூட்டம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரி அடுப்புகள் மெல்ல மெல்ல அணைந்தன. அடுப்பு போனதும் சாம்பலும் போனது, அடுப்பில் எரிந்துகொண்டிருந்த காகிதமும் அட்டையும் தொட்டிக்கு வந்து சேர்ந்தன. கூடவே பிளாஸ்டிக். சில வருடங்களிலேயே அதே தொட்டி கனம் குறைந்து, உப்பலாகிவிட்டது. வண்டி நிரம்பிவிடும், எடை பார்த்தால் ஒன்றுமிருக்காது. காற்றை ஏற்றிக்கொண்டு கிடங்குக்குப் போய் வருகிற மாதிரி. அதனால்தான் அந்தக் கம்பெனியின் அடுத்த வண்டிகள் 'பாக்கமேட்டிக்', 1970களில் 'ரெவோபாக்' என்று அழுத்தி நிரப்பும் வண்டிகளாக ஆயின. ரெவோபாக்கின் பின்பக்கம் சுழலும் பற்கள் குப்பையை இடைவிடாமல் வாரி உள்ளே திணிக்கும், நின்று நின்று வேலை செய்யாது. 1991-இல் கம்பெனி மூடப்பட்டது. இன்று பிரிட்டனில் அதிகம் தென்படுவது டென்னிஸ் ஈகிள் வண்டிகள்.

அழுத்தி நிரப்பும் எண்ணம் பிறந்தது அமெரிக்காவில். அங்கே காகிதமும் அட்டையும் டப்பாவும் முன்னாலேயே குவியத் தொடங்கிவிட்டன. கார் வுட் என்ற மனிதர், நிலக்கரி லாரிகளில் பெட்டியைக் கையால் சுற்றி உயர்த்துவதைப் பார்த்து, ஹைட்ராலிக் தூக்கியைக் கண்டுபிடித்தவர். அந்தப் பணத்தில் படகுப் பந்தயம் விட்டு, 1931-இல் தண்ணீரின் மேல் மணிக்கு 100 மைல் வேகத்தை முதலில் தாண்டியவரும் அவரே. அவருடைய கம்பெனிதான் 1930களின் இறுதியில் 'லோட் பாக்கர்' என்ற வண்டியைக் கொண்டுவந்தது. பின்பக்கம் தாழ்வாக ஒரு தொட்டி, அதற்குள் ஹைட்ராலிக் தகடு. இன்று பாண்டியிலும் கடலூரிலும் ஓடுகிற காம்பாக்டர் அதன் கொள்ளுப்பேரன்.

அது எப்படி வேலை செய்கிறது என்று மெயின் ரோட்டில் நின்று பார்க்கலாம். பின்பக்கத் தொட்டி இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அதில் குப்பையைக் கொட்டியதும் ஆள் பக்கவாட்டு லிவரை இழுக்கிறார். எஞ்சினிலிருந்து சக்தி எடுக்கும் பம்ப் உறுமுகிறது. மேலே மடங்கிக் கிடந்த வளைந்த தகடு விரிந்து, கீழே இறங்கி, தொட்டியின் அடியை வழித்து, குப்பையை மேல்நோக்கி வாரிப் பெட்டிக்குள் தள்ளுகிறது. அரை நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். பெட்டிக்குள்ளே நமக்குத் தெரியாத இன்னொரு தகடு எதிரே நிற்கிறது. முதலில் அது பின்வாசல் அருகே இருக்கும். குப்பை வந்து மோத மோத, அழுத்தம் கூடும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக டிரைவர் அறைப் பக்கம் பின்வாங்கும். அதனால் முதல் கூடையிலிருந்தே குப்பை இரண்டு தகடுகளுக்கு நடுவே நசுங்குகிறது. கிடங்கில் பின்வாசல் முழுவதும் மேலே தூக்கிக்கொள்ளும், அதே உள்தகடு முன்னே வந்து மொத்தத்தையும் வெளியே தள்ளிவிடும். பெட்டியைச் சாய்க்கவே வேண்டாம்.

அழகான யந்திரம்தான். பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது. வண்டியின் பின்பக்கம் சாக்குப்பைகள் தொங்கும், பாட்டிலையும் அட்டையையும் ஆட்கள் தனியே எடுத்துக் கட்டியிருப்பார்கள். தகடு இறங்குவதற்குள் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுப்பதைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு அடைக்கும். இயங்கும் தகடு கையைத் தெரிந்துகொள்ளாது.

அமெரிக்கா இன்னொரு பாதையிலும் போனது. டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லில் ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் 1930களில் ஒரு பெரிய இரும்புத் தொட்டியைச் செய்தார். லாரி வந்து தொட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடும். (அவர் பிற்பாடு அந்த ஊருக்கு மேயரும் ஆனார்.) நம் ஊரில் தெருமுனையில் வைத்து, 'டம்பர் பிளேசர்' வண்டி வந்து சங்கிலி மாட்டித் தூக்கிப் போன பச்சைத் தொட்டிகள் அந்த வம்சம். குப்பையைக் குனிந்து அள்ள வேண்டியதில்லை என்பது அதன் நல்ல பக்கம். தொட்டியைச் சுற்றி ஊரே கொட்டி, மாடும் நாயும் குடித்தனம் நடத்தியது அதன் மறுபக்கம். அடுத்து, அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் 1960களின் முடிவில் பக்கவாட்டிலிருந்து கை நீட்டித் தொட்டியைப் பிடிக்கும் வண்டி வந்தது. டிரைவர் இறங்கவே வேண்டாம். அகலமான தெரு, வாசலில் வரிசையாக ஒரே அளவுத் தொட்டி, தெருவில் நிறுத்தாத கார்கள், இவையெல்லாம் இருந்தால்தான் அது ஓடும். நம் ஊர்ச் சந்துகளில் கையை நீட்ட இடமேது.

ஜெர்மனியின் பதில் வேறு. ஆக்ஸ்பர்க் நகரத்தின் கூக்கா, 1898-இல் தொடங்கிய கம்பெனி. இன்று ஆரஞ்சு நிற ரோபோ கைகளுக்குப் பேர் போனது. 1973-இல் அவர்கள் ரோபோ செய்வதற்கு முன்பே, ஐரோப்பாவில் நகராட்சி வண்டிகளுக்குத்தான் அவர்களை அதிகம் தெரியும். அவர்களுடைய சுழலும் உருளை வண்டியில் பெட்டிக்குப் பதிலாக, கான்கிரீட் மிக்சர் லாரி போல ஒரு பெரிய உருளை. உள்ளே திருகு வரிகள். குப்பையைப் பின்வாயில் போட்டால் உருளை சுற்றிச் சுற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும், எதிர்ப்பக்கம் சுற்றினால் வெளியே துப்பிவிடும். அழுத்திப் பிழிவதை விடப் புரட்டி அடுக்குவதுதான் அதன் வேலை. உருளையில் சந்து பொந்து குறைவு, ஈரக் குப்பையின் தண்ணீர் ஒழுகவும் வழி குறைவு. இந்த வகை வண்டியை ஃபாவ்ன் கம்பெனி இன்றும் விற்கிறது. மக்கும் குப்பைக்கு இதை விரும்பி வாங்குகிறார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

தமிழ்நாட்டு நகராட்சிகளில் மாட்டு வண்டிக்கு அப்புறம் நீண்ட காலம் ராஜ்யம் செய்தது சாதாரண டிப்பர் லாரி. கீழே இரண்டு பேர் வாரி, கூடையிலோ இரும்புச் சட்டியிலோ நிரப்பித் தலைக்கு மேல் தூக்க, லாரியின் மேல் நிற்பவர் வாங்கிக் கொட்டி, காலால் மிதித்து அமுக்குவார். அந்த மிதிதான் நம் முதல் காம்பாக்டர். ஷெல்வோக்கும் ட்ரூரியும் 1923-இல் கீழே இறக்கிய உயரத்தை நாம் அதற்கு அப்புறம் பல பத்தாண்டுகள் தூக்கிக்கொண்டிருந்தோம்.

மாற்றம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1996-இல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, 2000-இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. குப்பை ஏற்றும் வண்டி மூடியிருக்க வேண்டும், உள்ளே இருப்பது வெளியே தெரியக் கூடாது, சிதறக் கூடாது, கையால் அள்ளுவது தவிர்க்கப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. மூடிய வண்டி எங்கே கிடைக்கும்? மேலை நாடுகளில் தயாராக இருந்த வடிவம் காம்பாக்டர். அதே 2000-இல் சென்னையின் மூன்று மண்டலங்களில் ஓனிக்ஸ் கம்பெனி குப்பை எடுக்க வந்தது. அந்தக் கம்பெனி 2007-இல் போய்விட்டாலும், அப்புறம் எத்தனையோ பேர் ஒப்பந்தம் எடுத்தாலும், குப்பை வண்டியை 'ஓனிக்ஸ் வண்டி' என்று சொல்பவர்களை இன்றும் சென்னையில் பார்க்கலாம். தமிழ்நாட்டுக்குக் காம்பாக்டர் முகம் காட்டியது அந்தச் சமயத்தில்தான். மற்ற ஊர்களும் பார்த்து வாங்கின.

இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க வீட்டுக் குப்பை, தொட்டியில் தளர்வாகக் கிடக்கும்போது ஒரு கன மீட்டருக்கு 100 முதல் 150 கிலோ அளவில் இருக்கும். காம்பாக்டர் கசக்கி முடித்ததும் 300, 400 கிலோ ஆகும். அதாவது மூன்று வண்டிக் குப்பை ஒரு வண்டியில் அடங்கிவிடும். இந்திய நகரக் குப்பையோ கசக்காமல் கிடக்கும்போதே 400 முதல் 500 கிலோ. ஏன் என்று கேட்கவே வேண்டாம். காய்கறித் தோல், சாதம், வாழை இலை, வடித்த ஈரம், பெருக்கிய மணல். அமெரிக்க வண்டி தன் முழு பலத்தையும் காட்டி எட்டுகிற அடர்த்தியை நம் குப்பை வாசலில் சும்மா கிடக்கும்போதே தாண்டிவிடுகிறது. நசுக்க மிச்சம் என்ன இருக்கிறது, தண்ணீர்தான்.

எடையையும் பார்ப்போம். இரண்டு அச்சு லாரி ஒன்று சரக்கோடு சேர்த்து 16.2 டன் வரை போகலாம் என்று இருந்தது, 2018-இல்தான் அதை 18.5 டன்னாக உயர்த்தினார்கள். காம்பாக்டரில் தகடு, சிலிண்டர், தடித்த இரும்பு என்று வண்டியின் சொந்த எடையே ஒன்பது பத்து டன்னைத் தொடும். பழைய வரம்பில் பார்த்தால் மிச்சம் ஆறு, ஏழு டன். 14 கன மீட்டர் பெட்டியில் நம் குப்பையைக் கசக்காமலே நிரப்பினால் கன மீட்டருக்கு 450 கிலோ வைத்து 6.3 டன் வந்துவிடுகிறது. லாரி தன் பழைய எடை வரம்பைத் தொட்டுவிட்டது, தகடு இன்னும் ஒரு முறை கூட இறங்கவில்லை! அதற்கு மேல் கசக்கி ஏற்றினால் அச்சும் ஸ்பிரிங் பட்டையும் பதில் சொல்ல வேண்டும். மூன்று டன் இரும்பை வீணாகச் சுமந்துகொண்டு திரிகிற வண்டி என்று இதைச் சொல்வேன், கொஞ்சம் கடுமையாக இருந்தாலும்.

பிழிந்த தண்ணீர் எங்கே போகும்? பின்வாசலுக்கும் பெட்டிக்கும் நடுவே ரப்பர் பட்டை இருக்கிறது, தொட்டிக்கு அடியில் கசிவு நீர் பிடிக்கும் கலம் இருக்கிறது. புது வண்டியில் இரண்டும் சரியாகவே வேலை செய்யும். நம் குப்பையில் கடற்கரை மணல் கலந்திருக்கிறது. தெருவைப் பெருக்கி அள்ளும்போது வருவது அது. மணல் ரப்பரை அறுக்கும், தகடு ஓடும் தடத்தைத் தேய்க்கும். உப்புக் காற்று பாக்கியைப் பார்த்துக்கொள்ளும். பிழிந்த காய்கறித் தண்ணீர் புளித்து அமிலமாகி இரும்பை அரிக்கும். கடலூர் முதுநகர் பக்கம் மீன் கழிவும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். கலம் நிரம்பினால் திறந்துவிட வேண்டிய இடம் கிடங்கு, திறந்துகொள்ளும் இடம் பெரும்பாலும் சிக்னல். அங்கிருந்து அடுத்த திருப்பம் வரை சாலையில் கறுப்பாக ஒரு கோடு. பைக்கில் பின்னால் போகிறவர்களுக்கு அது வழுக்கவும் செய்யும், என் சட்டையில் தெறித்த கறை இரண்டு துவைப்புக்கும் போகவில்லை.

இன்னொரு விஷயம் இளநீர். பாண்டி கடற்கரைச் சாலை, கடலூர் சில்வர் பீச், நெடுஞ்சாலை ஓரம் என்று எங்கு பார்த்தாலும் இளநீர்க் கடை. வெட்டிப் போட்ட இளநீர் மட்டை காம்பாக்டருக்குப் பரம விரோதி. அழுத்தினால் நசுங்காது, நார் விட்டுக்கொடுக்கும், தகடு விலகியதும் பழைய உருவத்துக்கு நிமிரும். தகட்டின் மூலையில் ஒன்று சிக்கினால் சுற்று பாதியில் நிற்கும், ஆள் கம்பியை விட்டு நெம்ப வேண்டும். கிழிந்த மீன்வலை அதைவிட மோசம், சிலிண்டர் தண்டில் சுற்றிக்கொள்ளும். கல்யாண மண்டபத்து வாழைத்தண்டும் அப்படியே. லெட்ச்வொர்த்திலோ கார் வுட்டின் டெட்ராய்ட்டிலோ தகட்டின் வளைவை வரைந்தவர் இளநீர் மட்டையைக் கண்டிருக்க நியாயமில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது, விழுந்த மரங்களை அள்ளும் வேலை டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் டிப்பருக்கும் ஆனது. கிளை, வேர், கூரைத் தகடு எதையும் காம்பாக்டர் விழுங்காது. டிராக்டரை ஓரங்கட்டி விற்றுவிட நினைக்கும் நகராட்சிகள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தெருவில் காம்பாக்டர் நுழைய முடியாத இடத்தை நிரப்பியது குட்டி யானை. 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது அதைக் குப்பைக்கு என்று யாரும் செய்யவில்லை. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், முக்கால் டன் சுமை, ஆட்டோ திரும்புகிற இடத்தில் திரும்பும். காய்கறி, தண்ணீர் கேன், மேசை நாற்காலி என்று எல்லாவற்றையும் ஏற்றியது, குப்பையையும் ஏற்றியது. முதுகில் ஹைட்ராலிக்கில் கவிழும் பெட்டியை வைத்து நடுவே தடுப்புப் போட்டால் மக்கும் குப்பை ஒரு பக்கம், மக்காத குப்பை ஒரு பக்கம். நிரம்பியதும் மெயின் ரோட்டில் நிற்கும் காம்பாக்டரின் பின்வாய்க்கு முதுகைக் காட்டி நின்று கவிழ்த்துவிடலாம். பழைய பேஜ்ஃபீல்டு ஏற்பாடுதான், குதிரைக்குப் பதிலாக யானை.

ஆனால் உயரம்! குட்டி யானையின் தளத்தின் மேல் பெட்டியை வைத்ததும் விளிம்பு தோள் உயரத்துக்கு வந்துவிடுகிறது. வீட்டுக்கு வீடு குப்பை வாங்குகிறவர்களில் பெண்கள் அதிகம். வாளியை வாங்கித் தோளுக்கு மேல் தூக்கிக் கவிழ்க்க வேண்டும், கவிழ்க்கும்போது வாளியின் தண்ணீர் முழங்கை வழியாக உள்ளே இறங்கும். ஒரு தெருவில் இதை எத்தனை முறை செய்கிறார்கள் என்று வாசலில் நின்று பார்த்தால் போதும், டெண்டரில் 'கொள்ளளவு' என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் 'தூக்கும் உயரம்' என்று ஒரு வரி ஏன் வேண்டும் என்பது புரிந்துவிடும். சில வண்டிகளில் பக்கவாட்டில் கதவு வெட்டியிருக்கிறார்கள், அது பாதி நிரம்பும் வரைக்கும் உதவும்.

இந்த வரிசையில் குறைவாகப் பேசப்படுவதும், வடிவத்தில் கெட்டிக்காரத்தனமானதும் பேட்டரி வண்டி என்பது என் எண்ணம். மூன்று சக்கரம், பின்னால் கழற்றி மாட்டும் டிரம்கள். தளம் தாழ்வு, விளிம்பு இடுப்பைத் தாண்டாது. டிரம்மை மட்டும் இறக்கிக் கொட்டலாம், மக்குவதும் மக்காததும் தனித்தனி டிரம்மில் போவதால் கலக்காது. நின்று நின்று போகிற வேலைக்கு மின் மோட்டார்தான் ஏற்றது, நிற்கும்போது எதையும் எரிக்காது. இதை ஐரோப்பியர்கள் முன்பே கண்டுகொண்டிருந்தார்கள். பர்மிங்காம் நகராட்சி பல பத்தாண்டுகள் மின்சாரக் குப்பை வண்டிகளை ஓட்டியது. பிரான்சில் லியோனை ஒட்டிய வில்லர்பானில் சோவெல் கம்பெனி 1920களிலிருந்து அதே தொழிலில் இருந்தது. டீசல் மலிவானதும், கிடங்கு தூரம் போனதும் அவற்றை ஓரங்கட்டின. இங்கே பேட்டரி வண்டிக்கு எமன் பேட்டரியே. சார்ஜ் குறைந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம், பேட்டரி மாற்ற ஒதுக்கீடு வராவிட்டால் வண்டி ஷெட் ஓரம் துருப்பிடிக்கும்.

பாண்டிக்கு இதில் ஒரு பழைய உறவு உண்டு. இந்த ஊர் பாரிஸின் ஆட்சியில் இருந்த காலத்தில், 1884-இல், பாரிஸின் ஆட்சியாளர் யூஜின் பூபெல் வீட்டுக்காரர்கள் மூன்று தொட்டி வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அழுகும் குப்பைக்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சிப்பி ஓட்டுக்கும் ஒன்று. வீட்டுக்காரர்களுக்கும் பிடிக்கவில்லை, குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களுக்கும் பிடிக்கவில்லை. பிரிப்பது என்பது ஏட்டில் நின்றுவிட்டது, தொட்டி மட்டும் நிலைத்தது. 132 வருடம் கழித்து, 2016 திடக்கழிவு விதிகள் நம்மை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு. பிரித்ததைத் தனித்தனியாகவே எடுத்துப் போக வேண்டும் என்றும் சொல்லின. இங்கே காம்பாக்டருக்குப் பிரச்சினை வருகிறது. அதற்கு ஒரே வயிறு. பெட்டி வண்டியில் தடுப்புப் போட்டுப் பிரித்துக் கொண்டுவந்ததை அதன் பின்வாயில் கவிழ்த்தால் வாசலில் பட்ட பாடு அத்தனையும் வீண். வீட்டில் பச்சை வாளி, நீல வாளி என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, தெருமுனையில் இரண்டும் ஒன்றாக நசுங்குவதைப் பார்த்த வீட்டுக்காரர் மறுநாள் ஒரே வாளியில்தான் கொடுப்பார்.

பிரிப்பது உண்மையாகவே நடந்தால் கணக்கு தலைகீழாகிறது. மக்கும் குப்பை பேட்டரி வண்டியில் பக்கத்திலிருக்கும் உரக்கூடத்துக்கே போய்விடும், தமிழ்நாட்டு ஊர்களில் வார்டுக்குப் பக்கத்தில் கட்டிய நுண் உரம் தயாரிக்கும் மையங்கள் அதற்காகத்தான். நீண்ட தூரம் போக வேண்டியது மிச்சமுள்ள மக்காத குப்பை மட்டும். அது உலர்ந்தது, உப்பலானது, காற்று அடைத்தது, கார் வுட் வண்டியை வரைந்தபோது அமெரிக்கத் தொட்டியில் இருந்ததைப் போன்றது. குரும்பாபேட்டைக் கிடங்குக்குப் போகும் காம்பாக்டரில் அதை மட்டும் ஏற்றினால் ஒழுகத் தண்ணீர் இருக்காது, அச்சு உடைய எடை இருக்காது, தகடும் தன் வேலையைச் செய்யும். கண்ணாடியை மட்டும் அதில் போடக் கூடாது. நொறுங்கிக் காகிதத்தில் குத்திக்கொண்டால் பழைய பேப்பர் கடைக்காரர் அந்தக் கட்டைத் தொடமாட்டார்.